இரண்டே புள்ளியில் முடிந்த சீசன்: பிரீமியர் லீக் 2023–24 – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் 2023–24 சீசனைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் பிடிபடாத விஷயங்கள் இந்த சீசனில் ஏராளம். யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, ஏன் அந்த எண்கள் அப்படி நின்றன என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

சீசன் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது? மொத்தம் எத்தனை ஆட்டங்கள்?

2023 ஆகஸ்ட் 11 அன்று பர்ன்லி மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டி 3–0 என்று வென்றதில் தொடங்கி, 2024 மே 19-ல் முடிந்தது. 20 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரணி மைதானத்தில் ஒருமுறை மோதும். அணிக்கு 38 ஆட்டம், மொத்தம் 380. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. அரையிறுதி, இறுதி என்று எதுவும் கிடையாது. பட்டியலில் முதலில் நிற்பவரே சாம்பியன்.

நம்ம ஊர் நேரத்துக்கு ஆட்டங்களை எப்படிக் கணக்கிடுவது?

பலர் தடுமாறுவது இங்கேதான். இங்கிலாந்தில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள்: அக்டோபர் கடைசி ஞாயிறு, மார்ச் கடைசி ஞாயிறு. இந்த சீசனில் அவை அக்டோபர் 29, மார்ச் 31. சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டம் கோடைக் கணக்கில் இந்தியா, இலங்கை இரண்டிலும் இரவு 7:30. குளிர்காலக் கணக்கில் 8:30. சிங்கப்பூர், மலேசியாவில் அதுவே 10 மணி, 11 மணி. வார நாளில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12:30 அல்லது 1:30; அதாவது தேதி மறுநாளாகிவிடும். நாள்காட்டியில் குறித்து வைப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் ஆட்டம் முடிந்த பிறகுதான் டிவியைப் போடுவார்கள்.

கடைசி நாளில் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். இந்த முறை நமக்கு இரவு 8:30. ஒருவர் முடிவைப் பார்த்துவிட்டு இன்னொருவர் ஆடும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கக் கூடாது என்பதே காரணம்.

சிட்டிக்கும் ஆர்சனலுக்கும் தலா 28 வெற்றி. பிறகு எப்படி சிட்டி சாம்பியன்?

சிட்டி 28 வெற்றி, 7 டிரா, 3 தோல்வி, 91 புள்ளி. ஆர்சனல் 28 வெற்றி, 5 டிரா, 5 தோல்வி, 89 புள்ளி. ஆர்சனல் தோற்ற இரண்டு ஆட்டங்களின் இடத்தில் சிட்டியிடம் இரண்டு டிரா இருக்கிறது. பட்டத்தைப் பிரித்தது அவ்வளவுதான்.

இருவரும் நேருக்கு நேர் மோதியதில் ஆர்சனலின் கைதான் ஓங்கியிருந்தது. அக்டோபர் 8-ல் தன் மைதானத்தில் 1–0 என வென்றது. மார்ச் 31-ல் சிட்டி மைதானத்தில் 0–0. ஆறு புள்ளியில் நான்கு ஆர்சனலுக்கு, ஒன்று சிட்டிக்கு. ஆக, பட்டம் கைமாறியது வேறு இடத்தில். ஆஸ்டன் வில்லா டிசம்பரில் 1–0 என்றும், ஏப்ரல் 14-ல் ஆர்சனல் மைதானத்திலேயே 2–0 என்றும் வென்று ஆறு புள்ளிகளையும் அள்ளிக்கொண்டு போனது. டிசம்பர் கடைசி வாரத்தில் வெஸ்ட் ஹாமிடமும் ஃபுல்ஹாமிடமும் அடுத்தடுத்துத் தோற்றது இன்னோர் அடி. அந்த ஆண்டு முடியும்போது ஆர்சனல் 20 ஆட்டத்தில் 40 புள்ளி. அதன் பிறகு ஆடிய 18-ல் 16 வெற்றி, 1 டிரா, 1 தோல்வி. இவ்வளவு நல்ல இரண்டாம் பாதி ஆடிய அணிக்குப் பட்டம் கிடைக்காமல் போவது அரிது.

சிட்டியின் ஓட்டம் அதைவிட இரக்கமற்றது. டிசம்பர் 6-ல் வில்லாவிடம் தோற்றபோது 15 ஆட்டத்தில் 30 புள்ளி. அதற்குப் பிறகு 23 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை: 19 வெற்றி, 4 டிரா. ஆர்சனலோடு டிரா செய்த பிறகு எஞ்சிய ஒன்பதையும் வென்றது. தொடர்ந்து நான்கு முறை இங்கிலாந்தின் முதல்நிலைப் பட்டத்தை வென்ற முதல் அணி என்ற பெயரும் அப்படித்தான் வந்தது.

புள்ளிகள் சமமானால் என்ன நடக்கும்?

வரிசை இது: முதலில் கோல் வித்தியாசம் (அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது), அதுவும் சமமானால் அடித்த மொத்தக் கோல்கள். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். அதையும் தாண்டிச் சமமாக நின்று, பட்டமோ தரமிறக்கமோ (கடைசி மூன்று அணிகள் கீழ்நிலைக்குப் போவது) ஐரோப்பியத் தகுதியோ அதில் தொங்கினால், இரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளியைப் பார்ப்பார்கள். அடுத்து அந்த ஆட்டங்களில் எதிரணி மைதானத்தில் அடித்த கோல்கள். கடைசியாகப் பொது மைதானத்தில் ஓர் ஆட்டம்.

ஸ்பெயினில் நேருக்கு நேர் முடிவுதான் முதலில் வரும். அந்தப் பழக்கத்தில் பலர் இங்கேயும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். இந்த சீசனில் நியூகாசிலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் தலா 60 புள்ளி. நியூகாசிலின் கோல் வித்தியாசம் +23, யுனைடெட்டுக்கு –1. ஆகவே நியூகாசில் ஏழாமிடம், யுனைடெட் எட்டாமிடம்.

டாட்டன்ஹாம் வீரர் சன் அந்த வாய்ப்பை கோலாக்கியிருந்தால் ஆர்சனல் சாம்பியனா?

கணக்குப் போட்டே பார்க்கலாம். மே 14-ல் டாட்டன்ஹாம் மைதானத்தில் சிட்டி 1–0 என முன்னிலை. 86-வது நிமிடத்தில் சன் ஹியுங்-மின் தனியாக கோல்கீப்பரை நோக்கி வந்தார். காயம்பட்ட சிட்டி கோல்கீப்பர் எடர்சனுக்குப் பதிலாக இறங்கியிருந்த ஸ்டெஃபான் ஒர்டேகா காலை நீட்டித் தடுத்தார். பிறகு சிட்டியின் ஹாலண்ட் பெனால்டியில் இரண்டாவது கோல் அடிக்க, 2–0.

அந்த ஆட்டத்துக்கு முன் ஆர்சனல் 86, சிட்டி 85. அது 1–1 என்று முடிந்திருந்தால் இருவரும் 86-ல் நின்றிருப்பார்கள். கடைசி நாளில் இருவரும் வென்றார்கள்: சிட்டி வெஸ்ட் ஹாமை 3–1, ஆர்சனல் எவர்ட்டனை 2–1. அப்படியானால் 89–89. இனி கோல் வித்தியாசம். சீசன் முடிவில் சிட்டி 96 அடித்து 34 வாங்கியது, +62. ஆர்சனல் 91 அடித்து 29 வாங்கியது, அதுவும் +62! டாட்டன்ஹாமிடம் டிரா என்றால் சிட்டிக்கு இரண்டு குறைந்து +60. மற்ற முடிவுகள் மாறாமல் இருந்திருந்தால் பட்டம் ஆர்சனலுக்கே. கடைசி நாளில் சிட்டி இன்னும் இரண்டு கோல் கூடுதலாக அடிக்க முயன்றிருக்கும் என்று வாதிடலாம். அது நியாயமான வாதம்தான். ஆனாலும் ஒர்டேகாவின் அந்தக் காலுக்கு இந்த சீசனின் எந்த கோலைவிடவும் விலை அதிகம்.

எவர்ட்டனுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் ஏன் புள்ளி வெட்டினார்கள்?

செலவு வரம்பை மீறியதற்காக. 2023–24-ல் இருந்த விதி இதுதான்: மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கிளப்பின் நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது ஆண்டுக்கு 3.5 கோடி. அதிலும் 1.5 கோடிக்கு மேற்பட்ட நஷ்டத்தை உரிமையாளர் தன் முதலீட்டால் ஈடுகட்ட வேண்டும். மூன்று ஆண்டில் எதையாவது இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் கழித்திருந்தால், அந்த ஆண்டுக்கு 3.5 கோடிக்குப் பதில் 1.3 கோடி மட்டுமே. மைதானக் கட்டுமானம், இளையோர் அகாடமி, மகளிர் அணி, சமூகப் பணி ஆகியவற்றுக்கான செலவு இந்தக் கணக்கில் சேராது.

எவர்ட்டனின் நஷ்டம் 2021–22 வரையிலான கணக்கில் 12.45 கோடி, வரம்பை 1.95 கோடி மீறியது. 2023 நவம்பர் 17-ல் 10 புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரி 26-ல் அது 6 ஆகக் குறைந்தது. அடுத்த காலக் கணக்கிலும் மீறல் என்று ஏப்ரல் 8-ல் இன்னொரு 2. ஆக மொத்தம் 8. களத்தில் எடுத்தது 48, பட்டியலில் நின்றது 40.

ஃபாரஸ்டின் கதை, கணக்கு எங்கே சறுக்கும் என்பதற்கு நல்ல பாடம். அவர்கள் மூன்றில் இரண்டு ஆண்டு சாம்பியன்ஷிப்பில் இருந்தவர்கள். எனவே வரம்பு 3.5 + 1.3 + 1.3 = 6.1 கோடி. மீறியது 3.45 கோடி. கணக்காண்டு ஜூன் 30-ல் முடிகிறது. பிரென்னன் ஜான்சனை டாட்டன்ஹாமுக்கு விற்றது செப்டம்பர் 1-ல். காத்திருந்ததால்தான் நல்ல விலை கிடைத்தது, அதைக் கருத்தில் கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். விசாரணைக் குழு ஏற்கவில்லை. மார்ச் 18-ல் 4 புள்ளி போனது. 36 எடுத்தவர்கள் 32-ல் முடித்தார்கள். 18-ம் இடத்திலிருந்த லூட்டனைவிட ஆறு அதிகம் என்பதால் தப்பினார்கள்.

கிளப்புகள் ஜூன் மாதத்தில் அகாடமி வீரர்களை அவசர அவசரமாக விற்பதும் இதனால்தான். வாங்கிய வீரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாக எழுதுவார்கள். சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலையே இல்லை. விற்ற தொகை முழுவதும் லாபம். தன் ஊர்ப் பையனை விற்கத் தூண்டும் ஒரு விதி நல்ல விதியாக இருக்க முடியாது என்பது எங்கள் கருத்து.

சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை 10, 6, 8 என்று மாறியதுதான் ரசிகர்களை அதிகம் வதைத்தது. இன்று எத்தனாவது இடம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத வாரங்கள் இருந்தன.

சிட்டி மீதான குற்றச்சாட்டுகள் இந்தப் பட்டத்தைப் பாதித்தனவா?

இல்லை. நிதி விதிகளை மீறியதாக 2023 பிப்ரவரியில் லீக் சுமத்திய அந்தக் குற்றச்சாட்டுகள் முந்தைய ஆண்டுகள் சம்பந்தப்பட்டவை; கிளப் அவற்றை மறுத்தது. 2023–24-ல் சிட்டிக்குப் புள்ளி எதுவும் வெட்டப்படவில்லை.

ஏழாமிடம் வந்த நியூகாசிலுக்கு ஐரோப்பா இல்லை. எட்டாமிடம் வந்த யுனைடெட்டுக்கு மட்டும் எப்படி?

அடிப்படை இது. முதல் நான்கு இடம் ஐரோப்பாவின் முதல் தட்டான சாம்பியன்ஸ் லீக்: சிட்டி, ஆர்சனல், லிவர்பூல் (82), ஆஸ்டன் வில்லா (68). ஐந்தாமிடம் இரண்டாம் தட்டான யூரோப்பா லீக்: டாட்டன்ஹாம் (66). இங்கிலாந்தின் நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை வென்றவருக்கு யூரோப்பா லீக்கில் இன்னோர் இடம். இன்னொரு நாக்அவுட் போட்டியான லீக் கோப்பை வென்றவருக்கு மூன்றாம் தட்டான கான்ஃபரன்ஸ் லீக். கோப்பையை வென்றவர் ஏற்கெனவே லீக் வழியாக அந்தத் தட்டுக்கோ அதைவிட மேலான தட்டுக்கோ தகுதி பெற்றிருந்தால், அந்த இடம் லீக் பட்டியலில் அடுத்தவருக்கு இறங்கும். கோப்பையின் இறுதியில் தோற்றவருக்கு இறங்காது.

லீக் கோப்பையை லிவர்பூல் வென்றது. அவர்கள் சாம்பியன்ஸ் லீக்கில் இருப்பதால் அந்த இடம் பட்டியலுக்கு வந்தது. எஃப்.ஏ. கோப்பை இறுதி மே 25-ல், லீக் முடிந்து ஆறு நாள் கழித்து, சிட்டிக்கும் யுனைடெட்டுக்கும். சிட்டி வென்றிருந்தால் ஆறாமிடச் செல்சி யூரோப்பா லீக்குக்கும் நியூகாசில் கான்ஃபரன்ஸ் லீக்குக்கும் போயிருக்கும். கர்னாச்சோ, மைனூ கோல்களில் யுனைடெட் 2–1 என வென்றது. செல்சி ஒரு தட்டு இறங்கியது; நியூகாசில் வெளியேறியது. தாங்கள் ஆடாத ஓர் ஆட்டத்தில்!

இந்த இடங்களைச் சில்லறையாக நினைக்க வேண்டாம். அடுத்த சீசனில் அந்தக் கான்ஃபரன்ஸ் லீக்கைச் செல்சி வென்றது. யூரோப்பா லீக்கை டாட்டன்ஹாம், அதுவும் யுனைடெட்டை இறுதியில் வீழ்த்தி வென்றது.

ஐந்தாமிடத்துக்கும் சாம்பியன்ஸ் லீக் என்று பேச்சு அடிபட்டதே?

2024–25 முதல் சாம்பியன்ஸ் லீக் 36 அணிகளாக விரிந்தது. முந்தைய சீசனில் ஐரோப்பியப் போட்டிகளில் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்த இரண்டு நாடுகளுக்குத் தலா ஒரு கூடுதல் இடம். அவை இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போயின. யுனைடெட்டும் நியூகாசிலும் தங்கள் பிரிவில் கடைசியாக வந்ததும், சிட்டி, ஆர்சனல், லிவர்பூல், வெஸ்ட் ஹாம் நான்கும் காலிறுதியோடு நின்றதும் இங்கிலாந்தின் சராசரியை இழுத்துவிட்டன.

சில அணிகள் ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருந்தது ஏன்?

கோப்பை ஆட்டங்கள் அதே வார இறுதியில் விழுந்தால் லீக் ஆட்டம் தள்ளிப்போகும். அதோடு ஜனவரியில் ஒரு சுற்றை இரண்டு வார இறுதிகளுக்குப் பிரித்து அணிகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். லூட்டனின் காரணம் வேறு. முதன்முறையாகப் பிரீமியர் லீக்குக்கு வந்த அவர்களின் கெனில்வொர்த் ரோடு மைதானத்தில் வேலை முடியாததால் ஆகஸ்ட் 19-ல் பர்ன்லியோடு ஆட வேண்டிய ஆட்டம் அக்டோபர் 3-க்குப் போனது. பர்ன்லி 2–1 என வென்றது.

பட்டியலைப் பார்க்கும்போது புள்ளிக்கு முன் 'ஆடியது' என்ற எண்ணைப் பாருங்கள். ஓர் ஆட்டம் கையில் இருப்பதை மூன்று புள்ளியாகவே எண்ணிவிடும் பழக்கம் ஆபத்தானது.

பாதியில் நின்ற ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்களா?

மாட்டார்கள். 2023 டிசம்பர் 16-ல் போர்ன்மத்–லூட்டன் ஆட்டம் 1–1 என்றிருந்தபோது 59-வது நிமிடத்தில் லூட்டன் கேப்டன் டாம் லாக்கியர் இதயத் துடிப்பு நின்று களத்திலேயே சாய்ந்தார். மருத்துவக் குழு உடனே ஓடிவந்து காப்பாற்றியது. ஆட்டம் கைவிடப்பட்டது. மார்ச் 13-ல் 0–0-விலிருந்து முழு 90 நிமிடம் மறுபடி ஆடினார்கள். லூட்டன் 3–0 முன்னிலை பெற்றும், இரண்டாம் பாதியில் நான்கு கோல் வாங்கி 4–3 எனத் தோற்றது.

டாட்டன்ஹாம்–லிவர்பூல் ஆட்டத்தில் வீடியோ நடுவர் செய்த தவறு என்ன?

2023 செப்டம்பர் 30. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு உதவி நடுவர் ஆஃப்சைடு கொடி தூக்கினார். கோல் இல்லை என்பது கள முடிவு. வீடியோ அறையில் இருந்தவர் படத்தைச் சரியாகவே பார்த்தார்: ஆஃப்சைடு இல்லை. ஆனால் கள முடிவு 'கோல்' என்று தவறாக எண்ணிக்கொண்டு, 'சோதனை முடிந்தது' என்று சொல்லிவிட்டார். களத்தில் ஃப்ரீ கிக் எடுத்து ஆட்டம் தொடங்கிவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு முந்தைய முடிவை மாற்ற விதியில் இடமில்லை. தவறு தெரிந்தும் திருத்த முடியவில்லை. ஒன்பது பேராகக் குறைந்த லிவர்பூல், 90 நிமிடத்துக்குப் பிறகு தன் வீரர் மாட்டிப்பின் சுயகோலில் 2–1 எனத் தோற்றது. நடுவர் அமைப்பு தவறை அன்றே ஒப்புக்கொண்டது.

இதற்குப் பிறகு வீடியோ நடுவர் முறையையே எடுத்துவிடலாம் என்று வுல்வ்ஸ் கிளப் தீர்மானம் கொண்டுவந்தது. விதி மாற 20 கிளப்புகளில் 14-ன் வாக்கு வேண்டும். 2024 ஜூன் 6-ல் 19–1 என்று தோற்றது.

ஆட்டங்கள் ஏன் இவ்வளவு நீண்டன? கோல்கள் ஏன் கூடின?

கோல் கொண்டாட்டம், மாற்று வீரர், காயம், அட்டை ஆகியவற்றில் போன நேரத்தை மதிப்பாக அல்லாமல் அப்படியே கூட்டச் சொல்லி நடுவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். சராசரி ஆட்டம் 100 நிமிடத்தைத் தாண்டியது. மொத்தம் 1,246 கோல், ஆட்டத்துக்கு 3.28. 462 ஆட்டங்கள் நடந்த 1992–93-ல்கூட 1,222 தான். நேரம் கூடியது ஒரு காரணம். அடிமட்ட அணிகளின் பலவீனமான தடுப்பு இன்னொன்று. அதிக கோல் அடித்தவர் ஹாலண்ட், 27.

மஞ்சள் அட்டைக் கணக்கு எப்படி?

முதல் 19 ஆட்டத்துக்குள் 5 வாங்கினால் ஓர் ஆட்டம் தடை. 32-க்குள் 10 என்றால் இரண்டு. சீசன் முழுக்க 15 என்றால் மூன்று. 19-வது ஆட்டத்தைத் தாண்டி ஐந்தாவதை வாங்குபவருக்குத் தடை இல்லை. இந்தத் தடை லீக் ஆட்டங்களில் மட்டும். வன்முறைக்கான நேரடிச் சிவப்பு அட்டை மூன்று ஆட்டம். அது உள்நாட்டுக் கோப்பைகளிலும் எண்ணப்படும்.

25 பேர் பட்டியல் என்றால்?

21 வயதைத் தாண்டியவர்களில் அதிகபட்சம் 25 பேரைப் பதிவு செய்யலாம். அவர்களில் 17 பேருக்கு மேல் 'வெளியே வளர்ந்தவர்' இருக்கக் கூடாது. 21 வயதுக்குள் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் மூன்று ஆண்டு பதிவில் இருந்தவர் எந்த நாட்டவரானாலும் உள்ளூரில் வளர்ந்தவரே. அப்படிப்பட்ட வீரர் குறைந்தால் 25 என்பது சுருங்கும். 2023–24-ல், 2002 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களைப் பட்டியலில் சேர்க்காமலே ஆடவைக்க முடிந்தது.

மேலே வந்த மூன்று அணிகளும் உடனே கீழே போனது ஏன்?

லூட்டன் 26, பர்ன்லி 24, ஷெஃபீல்ட் யுனைடெட் 16. மேலேறிய மூன்றும் அதே சீசனில் இறங்கியது 1997–98-க்குப் பிறகு இதுவே முதல்முறை. ஷெஃபீல்ட் வாங்கிய 104 கோல் பிரீமியர் லீக் வரலாற்றிலேயே அதிகம். பர்ன்லி, சாம்பியன்ஷிப்பை வென்ற அதே குறும்பாஸ் ஆட்டத்தை இங்கேயும் ஆடப்பார்த்துத் தன் பாதியிலேயே பந்தைப் பறிகொடுத்தது. லூட்டனின் துணிவு பாராட்டத்தக்கது. முன்னிலை பெற்றும் காத்துக்கொள்ள ஆளில்லை.

வேரில் இருப்பது பணம். கீழே போகும் அணிக்கு முதல் ஆண்டு ஒளிபரப்புச் சமபங்கில் 55 சதவீதம், இரண்டாம் ஆண்டு 45 சதவீதம் உதவித்தொகை வரும். மூன்றாம் ஆண்டின் 20 சதவீதம், ஒரு சீசனுக்கு மேல் மேலே இருந்தவருக்கு மட்டுமே. இந்த மூன்றும் ஒரே சீசனில் திரும்பியவை என்பதால் இரண்டு ஆண்டோடு சரி. இந்தத் தொகை இல்லாத சாம்பியன்ஷிப் அணிகளோடு ஒப்பிட்டால் இது பெரும் பலம். மேலே உள்ளவரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இவர்களின் இடத்துக்கு லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் வந்தன. அடுத்த சீசனில் அந்த மூன்றும் இறங்கின.